எங்கள் கிளப் புதிதாக வாங்கிய ஸ்ட்ரைக்கர் சரிப்பட்டு வருவாரா? எத்தனை ஆட்டம் பொறுப்பது? ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்களே, யார் பக்கம் நிற்பது?

கேள்வி கேட்டவர் தன் கால்பந்து கிளப்பின் பெயரைச் சொல்லவில்லை. பெரிய தொகைக்கு ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடுவதற்கென்றே முன்னால் ஆடுகிற ஆள், வந்திருக்கிறார், வேறு லீக்கில் போன சீசன் கோல்களாகக் குவித்தவர், பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் காசைக் கரியாக்கிவிட்டார்கள் என்று திட்டுகிறார்கள். இவ்வளவுதான் விவரம். பரவாயில்லை, பெயர் எதுவானாலும் சண்டை ஒன்றுதான். நான் 2011 முதல் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகன். 2011 ஜனவரி 31 அன்று, வாங்கல் விற்றலுக்கான கடைசி நாளில், எங்கள் ஸ்ட்ரைக்கர் பெர்னாண்டோ டோரஸ் 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போனார். அதே நாளில் ஆண்டி கேரோல் 3.5 கோடிக்கும் லூயிஸ் சுவாரெஸ் 2.28 கோடிக்கும் எங்களிடம் வந்தார்கள். எங்கள் கூட்டத்தில் அன்றிரவு முழுக்கக் கேரோலைப் பற்றித்தான் பேச்சு. விலை அதிகம் இல்லையா! அவருக்குத்தான் 9ஆம் நம்பர் சட்டை. சுவாரெஸைப் பற்றிப் பேசியபோதும், உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகக் கையால் பந்தைத் தடுத்தவர், நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் ஆடியபோது ஒருவரைக் கடித்துத் தடை வாங்கியவர் என்பதோடு முடித்துக்கொண்டோம். நான் கேரோல் கட்சி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 6, மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆட்டம். சுவாரெஸ் பெட்டிக்குள் (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பகுதி) பக்கவாட்டில் நுழைந்து, இடமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு டிஃபெண்டராகத் தாண்டிக் கோல் கோடு வரை பந்தைக் கொண்டுபோனார். எங்கள் டிர்க் கய்ட் காலை நீட்டியது மட்டும்தான், கோல். கணக்கில் அது கய்ட்டின் கோல். அன்று கய்ட் மூன்று போட்டார், மூன்றும் பக்கத்தில் நின்று தட்டிவிட்டவை. சுவாரெஸ் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்தபோது என் மனசில் நின்றவர் அவர் மட்டுமே.

அடுத்த சீசன் முழுவதும் லீக்கில் அவர் போட்டது 11 கோல்தான். ‘இவனுக்கு வாசல் வரைக்கும் வரத் தெரியும்டா, கதவைத் திறக்கத் தெரியாது’ என்றான் நண்பன். அதற்கடுத்த சீசனில் 23. அதற்கும் அடுத்த 2013-14இல் 33 ஆட்டங்களில் 31 கோல், ஒன்றுகூட பெனால்டி இல்லை. அதே கால்கள்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற பழக்கம் 11 கோல் போட்ட வருடத்திலும் அவரிடம் இருந்தது. நாங்கள்தான் ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேரோல் கதை வேறு. நல்ல உயரம், தலையில் பந்து பட்டால் கோல் என்று சொல்லத்தக்க ஆள். அவருக்கு வேண்டியது பக்கவாட்டிலிருந்து உயர வருகிற கிராஸ். அதைப் போட ஸ்டூவர்ட் டவுனிங்கைக் கிட்டத்தட்ட 2 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அந்த 2011-12 லீக் சீசனில் டவுனிங்கின் கோல் பூஜ்யம், கோலுக்கு வழிவிட்ட பாஸும் பூஜ்யம். கேரோல் லிவர்பூலுக்காக ஆடிய 44 லீக் ஆட்டங்களில் மொத்தம் 6 கோல். அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, காயமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் மூன்றரைக் கோடி வீண் என்று கத்திய எங்களில் ஒருவர்கூட, அவருக்குப் பந்து எங்கிருந்து வரும் என்று வாங்கிய அன்றே கேட்கவில்லை. இப்போது எந்த ஸ்ட்ரைக்கர் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

‘அந்த லீக்கில் யார் வேண்டுமானாலும் கோல் போடலாம்’ என்று உங்கள் ஆட்களும் சொல்லியிருப்பார்களே. நெதர்லாந்து லீக்கை வைத்து இந்த வாதம் ரொம்ப நாளாக நடக்கிறது. மட்டேயா கெஸ்மான் அங்கே ஒரு சீசனில் 31 லீக் கோல் போட்டுவிட்டுச் செல்சிக்கு வந்து 4 போட்டார். அஃபோன்சோ ஆல்வெஸ் 34 போட்டவர், மிடில்ஸ்பரோவில் காணாமல் போனார். சரி, வாதம் ஜெயித்துவிட்டதா? அதே நாட்டிலிருந்து வந்த ரூட் வான் நிஸ்டல்ரூய் மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் சீசனிலேயே லீக்கில் 23 போட்டார். சுவாரெஸும் அங்கே 35 போட்டுவிட்டு வந்தவர்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். எதிரணி முன்னேறி வந்து பின்னால் காலியாக விட்ட இடத்தில் ஓடிப் போட்டவையா, பெட்டிக்குள் நான்கு பேருக்கு நடுவே போட்டவையா, எத்தனை பெனால்டி? உங்கள் அணியை எதிர்த்து எல்லோரும் கோல் வாசலில் கூட்டமாக நிற்பார்கள் என்றால், முதல் வகைக்காரர் திணறத்தான் செய்வார். இணையத்தில் அவருடைய கோல்கள் எல்லாம் கிடைக்கும். ஒரு மணி நேரம் போதும், சண்டைக்குச் செலவழிக்கிற நேரத்தைவிடக் குறைவு.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நான் ஞானியாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2022 கோடையில் டார்வின் நூனியெஸ் 7.5 கோடி யூரோவுக்கு எங்களிடம் வந்தார், அதற்கு மேல் 2.5 கோடி வரை கூடலாம் என்று ஒப்பந்தம். ஜூலை 30 அன்று, சீசனுக்கு முன்னோட்டமாக நடக்கும் கம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டார். எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த எர்லிங் ஹாலண்ட், கடைசி நிமிடங்களில் சில அடி தூரத்திலிருந்து பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். அதை வைத்து நான் எழுதிய கிண்டலை நண்பன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறான். அந்த சீசனில் ஹாலண்ட் லீக்கில் 36 கோல், புதிய சாதனை. நூனியெஸ் 9.

விடுவேனா? சுவாரெஸ் பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வாய்ப்புகள் வருகின்றன பார், எக்ஸ்ஜி பார் என்றேன். (எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடித்த ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று போடும் கணக்கு அது. பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல் வரும்.) வாய்ப்பு வந்தால் கோல் தானாக வரும் என்று வாதாடினேன். 2024இல், அதே ஜனவரி 31, செல்சிக்கு எதிரான ஆட்டம். நூனியெஸ் ஒரு பெனால்டியையும் சேர்த்து நான்கு முறை கம்பத்தில் அடித்தார். நான்கு முறை! ‘இதுவும் நல்ல சகுனம்தானே?’ என்று நண்பன் கேட்டான். நாங்கள் 4-1 என்று ஜெயித்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அந்த சீசனில் அவர் லீக்கில் போட்டது 11 கோல், அடுத்த சீசனில் 5. 2025இல் சவுதியின் அல் ஹிலால் கிளப்புக்குப் போய்விட்டார். சிலருக்குக் கோல் தானாக வருவதில்லை, அவ்வளவுதான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கிளப் கணக்கில் அந்தத் தொகையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துத்தான் எழுதுவார்கள். அதனால் ‘அந்தக் காசில் மூன்று பேரை வாங்கியிருக்கலாம்’ என்பவர்களின் கணக்கு பாதி சரி. மூன்று பேருக்கும் சம்பளம் யார் கொடுப்பது?

எத்தனை ஆட்டம் பொறுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தியரி ஆன்றி 1999 ஆகஸ்டில் ஆர்சனலுக்கு வந்தார், முதல் கோல் செப்டம்பர் 18இல். அந்த சீசன் முடியும்போது 26 கோல், 2007இல் கிளம்பும்போது 226. டோரஸ் செல்சிக்காக முதல் கோல் போட ஏப்ரல் 23 வரை, 903 நிமிடம் ஆடினார். கடைசியில் 172 ஆட்டங்களில் 45 கோல். இரண்டு பேரும் வறண்டுதான் தொடங்கினார்கள். ஆக, முதல் மாதத்தை வைத்து எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம்.

முதல் ஆட்டத்தில் 20 நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். டிவியில் கஷ்டம்தான், கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும், மைதானத்தில் என்றால் முடியும். அவர் ஓட ஆரம்பிக்கும்போது பந்து வைத்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறாரா, இல்லை பக்கவாட்டில் தட்டிவிட்டு நிற்கிறாரா என்று கவனியுங்கள்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். உங்கள் அணியின் இரண்டு விங்கிலும், அதாவது இரண்டு பக்கவாட்டிலும், ஆடுபவர்கள் யார் என்று கமெண்டில் சொல்லுங்கள், சொல்கிறேன்.