ஸ்காபரோவில் ஒரு பல்லுக்கொழுக்கட்டை

தங்கச்சி, ஏழு மாதப் பிள்ளைக்கு வீணீர் வடியுது, இரவில நித்திரை இல்லை, உடம்பும் சுடுது, இது பல்லுக் காய்ச்சல்தானோ எண்டு கேட்டிருந்தீங்கள். அம்மாவும் பக்கத்தில இல்லை, பிள்ளைக்கு முதல் பல்லு முளைக்கேக்க தலையில கொட்டுற பல்லுக்கொழுக்கட்டையை எப்பிடி அவிக்கிறது எண்டும் கேட்டிருந்தீங்கள்.

முதல்ல காய்ச்சல். பல்லு முளைக்கேக்க உடம்பு கொஞ்சம் இளஞ்சூடா இருக்கும். 38 பாகைக்கு மேல போனால் அதைப் பல்லின்ர தலையில போடாதேங்கோ. என்ர மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்த நேரம் 'பல்லுக்குத்தான்' எண்டு ரெண்டு நாள் பேசாமல் இருந்திட்டன். கடைசியில காதுக்குள்ள கிருமி. அதை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பதறும். ஒன்ராறியோவில 811க்கு அடிச்சால் இரவு பகல் எந்நேரமும் நர்ஸ் கதைப்பா, காசில்லை. மொழிபெயர்ப்பாளரையும் கேக்கலாம். இண்டைக்கே அடியுங்கோ.

முரசு நோவுக்கு, கையை நல்லாக் கழுவிப்போட்டு விரலால மெல்லத் தடவிவிடுங்கோ. ஈரத்துணியைப் பிரிட்ஜில வைச்சுக் கடிக்கக் குடுங்கோ, பிரீசரில வேண்டாம். மருந்துக்கடையில விக்கிற பென்சோகெயின் ஜெல் ரெண்டு வயசுக்குக் கீழ பூசக்கூடாது; ரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோறதையே அது குழப்பிப்போடும். அம்பர் மணிமாலையும் வேண்டாம். கழுத்தை இறுக்கும், அறுந்தால் மணி தொண்டையில சிக்கும்.

ஒரு வயசுக்குள்ள பல் வைத்தியரிட்டக் காட்டுங்கோ. வழமையான பல் வைத்தியத்துக்கு ஓஹிப், அதுதான் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி, காசு குடுக்காது. வருமானம் குறைவெண்டால் 17 வயசு வரைக்கும் 'ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ' எண்ட அரசாங்கத்தின்ர இலவசப் பல் வைத்தியத் திட்டம் இருக்கு, விண்ணப்பியுங்கோ.

இனிக் கொழுக்கட்டை. பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளுக்கு வைச்சு, தேங்காய்ச் சொட்டைப் பல்லுமாதிரிச் சீவி விளிம்பில குத்தி அவிக்கிறது. மா, பயறு எல்லாம் இங்க தமிழ்க் கடையளில இருக்கு. நல்லா ஆறவிட்டு, பிள்ளையின்ர தலைக்கு மேல வெள்ளைத்துணி பிடிச்சு மெல்லக் கொட்டுங்கோ. அந்தத் தேங்காய்ச் சொட்டு பிள்ளையின்ர கைக்குப் போகாமல் உடன பொறுக்கிப்போடுங்கோ, விக்கும். பிறகு புத்தகம், பேனை, நகை எல்லாம் முன்னுக்குப் பரப்பி வையுங்கோ, எதை எடுக்குதெண்டு பாப்பம். என்ர மகன் எடுத்தது அகப்பை. ஊரில இருந்து போனில பாத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரே கண்ணீர், சந்தோசத்தில.

கொட்டுறதுக்கு மாமி முறையில ஆளில்லை எண்டு யோசிக்காதேங்கோ. காய்ச்சல் மாறினபிறகு ஒரு சனிக்கிழமையாப் பாத்துச் சொல்லுங்கோ. அவிக்கிற சட்டியோட நான் வாறன்.