வாசற்படிக்குக் கீழேதான் சாலை
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் தெருவில் மூன்றாவது தடவையாகத் தார் போடப் போகிறார்கள். ஏற்கெனவே ஒரு படி முழுசாக மண்ணுக்குள் போய்விட்டது. சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்றால், "ரெண்டு இஞ்ச்தானே ஏறும்" என்கிறார்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 'ரெண்டு இஞ்ச்'தான் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவருகிறது. கீழடுக்கு 5 செ.மீ., மேலடுக்கு 4 செ.மீ. என்று போட்டால் ஒரு தடவைக்கு 9 செ.மீ. ஏறும், மூன்று தடவைக்கு 27 செ.மீ. ஒரு வாசற்படி சுமார் 15 செ.மீ. உயரம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு படி போய்விடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அதைச் சொல்லியே கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன், பத்து மீட்டருக்கு ஒன்றாக வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ இப்போதைய சாலை மட்டத்திலிருந்து சரியாக 50 செ.மீ. உயரத்தில் பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் கோட்டிலிருந்து சாலை வரை டேப் பிடித்தால் போதும், வாக்குவாதமே வேண்டாம்.

'மில்லிங்' (இயந்திரத்தால் பழைய தாரைச் சுரண்டுவது) நடக்கும் அன்று யாராவது ஒருவர் தெருவில் நில்லுங்கள். எத்தனை செ.மீ. போடப் போகிறார்களோ அத்தனை செ.மீ. எடுக்க வேண்டும். பெரும்பாலும் நடக்கும் தவறு, இரண்டு ஓரத்தையும் சுரண்டிவிட்டு நடுவை அப்படியே விட்டுவிடுவது. அப்போது சாலை ஆமை முதுகாகிவிடும். மழைத் தண்ணீர் வேகமாக வாசலுக்குத்தான் ஓடிவரும். 6 மீட்டர் அகலத் தெருவில் ஓரத்தைவிட நடு 7.5 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும் (இரண்டரை சதவீதச் சரிவு). நடுவில் கட்டை வைத்து மட்டக்கயிறு பிடித்தால் தெரிந்துவிடும்.

சுரண்டிய தூசியைச் சுத்தமாகக் கூட்டி, ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தார்க்குழம்பு தெளித்த பிறகே புதிய அடுக்கு வர வேண்டும். தூசியின் மேல் போட்டால் அடுத்த ஐப்பசிக்குள் அப்பளமாகப் பெயர்ந்து வரும். பாதாளச் சாக்கடை மூடிகளையும் புதிய மட்டத்துக்கு அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மூடியும் ஒரு மேடாகவோ பள்ளமாகவோ நிற்கும்.

கேள்வி: தேரோடும் வீதியில் நடுத்தடுப்பும் வேகத்தடையும் வைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். போக்குவரத்துக்கு நல்லதுதான், தேருக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தேர் வீதிக்கு வரைபடம் போடுகிறவர் முதலில் அளக்க வேண்டியது தேரை. இரண்டு சக்கரங்களுக்கு இடையே எத்தனை மீட்டர், மூலை திரும்பும்போது எவ்வளவு இடம் எடுக்கிறது, அலங்காரத்தோடு உச்சி எவ்வளவு உயரம் என்பதைக் கோயிலில் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு கோடு போட வேண்டும்.

நிரந்தர நடுத்தடுப்பு வேண்டாம். கழற்றி மாட்டும் கம்பங்களைக் குழியில் நிறுத்தலாம். திருவிழாவுக்கு முதல் நாள் எடுத்துவிட்டுக் குழிகளை மூடிவிடலாம். வேகத்தடைக்கு விதியே இருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், வளைவாக. ஊர்களில் போடும் செங்குத்துத் திட்டு தேருக்கும் ஆகாது, ஆம்புலன்ஸில் போகிறவருக்கும் ஆகாது. ஓட்டுகிறவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போக வேண்டுமென்றால் தேர் வீதியில் வண்டி போகும் அகலத்தைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்துவதே மேல். அந்த நடைபாதையின் விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, வடம் பிடிக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

நிறையப் பேர் மறந்துவிடும் இடம் சாக்கடை மூடி. மனிதர் நடக்க மட்டும் வார்த்த பலகை தேர்ச்சக்கரத்தைத் தாங்காது. சுமார் 300 டன் என்று சொல்லப்படும் ஆழித்தேர் உள்ள மாவட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒப்பந்தப் புள்ளியில் எழுதாவிட்டால் வழக்கமான பலகைதான் வரும். மூலைகளில் இன்டர்லாக் கல் பதிக்காதீர்கள். முட்டுக்கட்டை கொடுக்கும்போது கல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அங்கே கான்கிரீட்தான் நிற்கும்.

சாலை மட்டம் ஏறினால் மேலே மின்கம்பிக்கு உள்ள இடைவெளியும் அதே அளவு குறைகிறது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தார் போடுகிற ஒவ்வொரு முறையும் மின்வாரியம் கம்பி உயரத்தை அளந்து கையெழுத்திட்ட பிறகே தேரை நகர்த்துங்கள்.

கேள்வி: வயல் நடுவே சாலையை உயர்த்திப் போட்டார்கள். இப்போது கிழக்குப் பக்க வயலில் தண்ணீர் வடிவதே இல்லை.
– ஒரு விவசாயி, மன்னார்குடி அருகே

பதில்: உயர்த்தியது தப்பில்லை, வெள்ள மட்டத்துக்கு மேலே சாலை நிற்கத்தான் வேண்டும். ஆனால் உயர்த்திய நாளிலிருந்து அது சாலை மட்டுமல்ல, வயலுக்கு நடுவே ஒரு கரை. சர்வே பெரும்பாலும் கோடையில் நடக்கிறது. வாய்க்கால் காய்ந்திருக்கும்போது வடிகால் எங்கே என்று பார்த்தால் தெரியாது. ஊர் நீர்ப்பாய்ச்சியை அழைத்துக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் அத்தனை மடையையும் காட்டிவிடுவார்.

இப்போது சரிசெய்ய, தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு தாழ்வான இடத்திலும் குழாய்ப் பாலம் (சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் குழாய்) கேளுங்கள். குழாய் 1 மீட்டர் விட்டம் இருக்கட்டும். ஆள் உள்ளே போய்த் தூர்வார முடியும். ஓரடிக் குழாயை வைக்கோலும் ஆகாயத்தாமரையும் ஒரே மழையில் அடைத்துவிடும். குழாயின் அடிப்பகுதி வாய்க்கால் அடிமட்டத்தோடு சேர வேண்டும். மேலே இருந்தால் தண்ணீர் நிற்கும், கீழே இருந்தால் மண் மூடும். குழாய்க்கு மேல் குறைந்தது 60 செ.மீ. மண் வேண்டும், இல்லாவிட்டால் நெல் லாரி ஏறும்போது உடையும்.

கேள்வி: அகலப்படுத்தும்போது புளியமரங்களைக் காப்பாற்ற வழி உண்டா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால் இரண்டு வரிசையும் போகும். ஒரே பக்கம் அகலப்படுத்தினால் ஒரு வரிசை முழுதாக நிற்கும். இடமிருந்தால் புதிய தடத்தை மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அந்த வரிசையையே நடுத்தடுப்பாக விடலாம். மரத்தைச் சுற்றி 1 மீட்டராவது மண் திறந்திருக்கட்டும். அடிமரத்தில் மண்ணைக் குவித்து மட்டம் உயர்த்தினாலும் வேர் மூச்சு முட்டிச் சாகும், வெட்டியதைவிட மெதுவாக, அவ்வளவுதான். முதிர்ந்த புளியை வேரோடு பெயர்த்து நடுவதை நம்பி வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்; அரசும் ஆலும் பிழைப்பதுபோல் அது எளிதில் பிழைக்காது.

கேள்வி: இதையெல்லாம் எப்போது, யாரிடம் சொல்வது?
– ஒரு வாசகர், தேனி

பதில்: மதிப்பீடு தயாராகும் முன். ஊராட்சிச் சாலை என்றால் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் தர 21 நாள்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய ஆவணங்கள் இரண்டு: நீள்வெட்டுப் படம் (சாலை நெடுக மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டுவது), குறுக்குவெட்டுப் படம் (ஓரத்திலிருந்து ஓரம் வரை மட்டத்தைக் காட்டுவது). தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். குறுக்குவெட்டில் உங்கள் வாசற்படி மட்டம் குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள்.