4294967297 முதன்மை எண் அல்ல என்பதைக் கணிப்பான் இல்லாமல் காட்ட முடியுமா?

முடியும். இலங்கையின் ஹற்றனில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாலை வகுப்பை இந்த ஓர் எண்ணுக்காகவே ஒதுக்கிவருகிறேன்.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் 1ஐக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். இவை ஐந்தும் முதன்மை எண்கள் என்பதால், இவ்வரிசையில் தொடர்ந்து வருபவை அனைத்தும் அவ்வாறே அமையும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அடுத்து வருவது 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டிய உங்கள் எண். அது 641 × 6700417 என்று 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் காட்டினார்.

சரிபார்க்க நீண்ட வகுத்தலும் தேவையில்லை. 641 = 5 × 128 + 1 என்பதால், 5ஐ 2இன் 7ஆம் வலுவால் பெருக்கினால் வரும் 640, 641ஐவிட ஒன்று குறைவு; எனவே அதை 641ஆல் வகுத்தால் மீதியை −1 எனக் கொள்ளலாம்; நான்காம் வலுவுக்கு உயர்த்தினால், 625ஐ 2இன் 28ஆம் வலுவால் பெருக்கியதற்கு மீதி 1 ஆகும். ஆனால் 641 = 625 + 16 என்பதால் 625இன் இடத்தில் −16ஐ வைக்கலாம். அப்போது 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி −1 ஆகிறது. அதனுடன் 1ஐக் கூட்டினால் மீதி பூச்சியம்.

"சேர், 641 என்று முதலில் எப்படித் தெரிந்தது?" என்று தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி அதுதான், ஏனெனில் மேலுள்ள நிறுவல் விடையை அறிந்த பின்னரே எழுதக்கூடியது. p என்னும் முதன்மை எண் இதனை வகுக்குமானால், p ஆல் வகுக்கும்போது 2இன் 32ஆம் வலு −1ஐயும் 64ஆம் வலு முதன்முறையாக 1ஐயும் மீதியாகத் தரும்; ஆகவே p − 1 ஆனது 64இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். இந்தக் கடைசிப் படிக்குத் துணைநிற்பது ஃபெர்மாவின் சொந்தத் தேற்றமே (p ஆல் வகுபடாத எண்ணின் p − 1ஆம் வலுவை p ஆல் வகுத்தால் மீதி 1) என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 64இன் மடங்குடன் 1ஐக் கூட்டிவரும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. அந்த மாணவி தாளில் வகுத்துப் பார்த்தாள்; ஐந்தாவது வகுத்தலில் மீதி வரவில்லை.

இன்னொரு பண்பையும் சொல்லியாகவேண்டும். ஒரு முதன்மை எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரு விதத்துக்கு மேல் எழுத முடியாது. உங்கள் எண்ணோ 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் அதுவே; ஆகவே அது முதன்மை எண்ணாக இருக்க முடியாது. காரணிகளைப் பார்த்தால் காரணம் புலப்படும்: 641 என்பது 25, 4 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, 6700417 என்பது 2556, 409 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை; இத்தகைய இரு எண்களின் பெருக்கத்தை இரு விதங்களில் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636; இவற்றைக் கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224; இவற்றைக் கூட்டினால் 20449, கழித்தால் 1.