கத்தோலிக்க நாவல்கள்: பங்கு வாசகர் வட்டத்தில் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி: எங்கள் ஆலயப் பங்கில் இளையோருக்காக வாசகர் வட்டம் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லோரும் ஆங்கிலம் படிப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள், புனிதர்கள் பற்றிய நாவல்கள் என்றால் உயிர். ‘ஃபாபியோலா’ படித்து அழுதிருக்கிறேன். அதையே முதல் புத்தகமாக வைக்கலாம் என்றேன். இலக்கியம் படித்த என் தம்பி, “அக்கா, அது கதை இல்லை, பிரசங்கம்” என்கிறான். அவன் சொல்வது சரியா? எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? எப்படி நடத்துவது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ளுங்கள், மீதியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

‘ஃபாபியோலா’வை எழுதியவர் கர்தினால் நிக்கோலஸ் வைஸ்மன், வெஸ்ட்மின்ஸ்டரின் முதல் பேராயர். சாதாரணக் கத்தோலிக்க மக்கள் வாங்கிப் படிக்கட்டும் என்று திட்டமிடப்பட்ட நூல் வரிசையில் 1854-ல் வெளிவந்தது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசன் தியோக்ளேசியன் காலத்து ரோமில் ஆக்னெஸ், செபஸ்தியார், பங்கிராஸ், திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பமான நற்கருணையை நெஞ்சோடு அணைத்தபடி அடிபட்டுச் சாகும் சிறுவன் தார்சிசியுஸ் என எல்லோரும் அதில் வருகிறார்கள். திருப்பலியில் நாம் பெயராக மட்டும் கேட்டவர்கள் தெருவில் நடக்கிறார்கள், பயப்படுகிறார்கள், தாயிடம் விடைபெறுகிறார்கள். பெரிய இலக்கியங்கள் பலவும் தொடாத ஒன்றை இந்தக் கதைகள் துணிந்து தொடுகின்றன. செபம் உண்மையிலேயே கேட்கப்படுகிறது, நற்கருணைக்காக உயிரைக் கொடுப்பது அறிவுள்ள செயல், செத்தவர்களோடு உறவு அறுந்துபோவதில்லை என்று அவை நம்பிச் சொல்கின்றன. விசுவாசமுள்ள வாசகருக்கு இது தன் வீட்டுக் கதை. நம் ஊர்களில் ஞானசௌந்தரி கதை கூத்தாகவும் 1948-ல் சினிமாவாகவும் ஓடியதற்கு இதே காரணம்தான். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் வெட்டுண்ட கைகளை மாதா திரும்பக் கொடுக்கும் இடத்தில் அழுதவர்கள் ஏமாந்தவர்கள் இல்லை. அந்தக் கண்ணீரைத் தம்பி கேலி செய்ய விடாதீர்கள்.

ஆனால் அதே ‘ஃபாபியோலா’வை நடுவில் எங்காவது பிரித்து, பேச்சை மட்டும் படித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பதினான்கு வயதுப் பையனும் படைத்தலைவனும் ஒரே மாதிரி நீண்ட வாக்கியங்களில் பதில் சொல்கிறார்கள். வில்லன்கள் நுழையும்போதே வில்லன்கள் என்று தெரிகிறது. எந்த நல்லவரும் ஒரு நிமிடமாவது தவறிவிடக்கூடும் என்ற பயம் நமக்கு வருவதே இல்லை. இங்கேதான் தம்பியின் பாதி நியாயம் இருக்கிறது. அருள் எதையும் ஜெயிக்க வேண்டியிராத கதையில் அருளின் வலிமை தெரியாது.

இந்தக் குறையை வெளியாட்களைவிடக் கத்தோலிக்கர்களே கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். பாவியான மனிதனைப் பற்றிப் பாவமே இல்லாத இலக்கியம் எழுத நினைப்பது முரண்பாடு என்றார், 2019-ல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர் 1957-ல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஆழமாகப் போகிறார். மனிதன் விழுந்தவன், கிறிஸ்துவின் சாவின் வழியாக மெதுவாக மீட்கப்படுகிறவன். அந்த நீண்ட வழியைத் தாண்டிக் குதித்து, விலை கொடுக்காமல் மாசின்மைக்கு வந்து சேர்வதுதான் மிகையுணர்ச்சி என்பது அவர் வாதம். அதாவது குறை கதை வடிவத்தில் மட்டும் இல்லை, மறைக்கல்வியிலேயே இருக்கிறது. ஈஸ்டருக்கு முன் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்ட கதை அது.

ஒரு புத்தகத்தை வட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விசுவாசத்தை எதிர்க்கிறவனுக்கு ஆசிரியர் என்ன கொடுத்திருக்கிறார் என்பது. அவனுடைய வாதம் ஒருமுறையாவது உங்களைத் தடுமாற வைக்க வேண்டும். ராபர்ட் ஹ்யூ பென்சன் என்ற குருவானவர் 1907-ல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ உலக முடிவைப் பற்றிய நாவல். திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் படிக்கச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறார். அதில் பல பாத்திரங்கள் கருத்துகளைச் சுமக்கும் ஆட்களாகவே நிற்கிறார்கள். ஆனால் மேபல் என்ற, கடவுள் நம்பிக்கையில்லாத பெண் தன் புதிய உலகத்தின் கொடூரத்தைக் கண்டு மனம் உடைந்து, கருணைக்கொலை இல்லத்தில் உயிரை விடும் பகுதி மறக்க முடியாதது. அவளை ஆசிரியர் பரிதாபத்தோடும் மரியாதையோடும் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வந்த உலகமுடிவு நாவல்கள் பலவற்றில் இந்த நியாயம் கிடையாது. எதிரி வெறும் எதிரியாகவே வந்து போவான்.

அடுத்து, மனந்திரும்புதலுக்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். போலந்து எழுத்தாளர் சியென்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ (1896) நாவலில் கிறிஸ்தவக் கதாநாயகி லிகியாவைவிட, விசுவாசமில்லாத ரோமப் பிரபு பெட்ரோனியஸ்தான் மனத்தில் நிற்கிறான் என்பது அந்த நூலின் பழைய குறை. ஆனால் கிலோ என்ற கிரேக்கனைப் பாருங்கள். கிளாவுக்கஸ் என்ற மருத்துவனை ஏமாற்றி, குடும்பத்தையே அழித்தவன் அவன். நீரோவின் தோட்டத்தில் கம்பத்தில் கட்டப்பட்டு எரிந்துகொண்டிருக்கும் அதே கிளாவுக்கஸ் மேலிருந்து அவனை மன்னிக்கிறான். கிலோ அங்கேயே உடைந்து, ரோமைக் கொளுத்தியவன் நீரோதான் என்று கூட்டத்துக்கு முன்னால் கத்துகிறான். அதற்கு அவன் நாக்கு அறுக்கப்படுகிறது. இந்த மனமாற்றத்தை யாரும் பிரசங்கம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, திருச்சபை நடைமுறை சரியாக வருகிறதா என்பது. வத்திக்கான் மர்ம நாவல்களில் இது அடிக்கடி சறுக்கும். ராபர்ட் ஹாரிஸின் ‘கான்க்ளேவ்’ (2016) விறுவிறுப்பான நூல்தான். அதில் திருத்தந்தை பெயரை வெளியிடாமல் இரகசியமாகக் கர்தினாலாக்கிய ஒருவர், அந்தத் திருத்தந்தை இறந்தபின் அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு வந்து சேர்கிறார், அனுமதிக்கப்படுகிறார். திருச்சபைச் சட்டம் 351, மூன்றாம் பிரிவின்படி பெயர் வெளியிடப்படும்வரை அப்படிப்பட்டவருக்குக் கர்தினாலின் உரிமை எதுவும் கிடையாது. கதையே நிற்கும் தூண் அது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்ற முத்திரையிலும் இப்படித்தான். போலீஸுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று குருவானவர் இரவெல்லாம் யோசிப்பதாக எழுதுவார்கள். சட்டம் 983 அதில் எந்த விதிவிலக்கும் தரவில்லை. முத்திரையை உடைக்க வாய்ப்பே இல்லாத ஒருவர் என்ன செய்வார் என்பதுதான் உண்மையான நாடகம். நடைமுறை தெரியாததால் அந்த நாடகத்தையே இழந்துவிடுகிறார்கள்.

சரி, எதில் தொடங்குவது? ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1940-ல் வெளியிட்ட ‘தி பவர் அண்ட் தி குளோரி’. சுமார் 220 பக்கம். 1938-ல் மெக்சிகோவுக்குப் போய்வந்த பிறகு எழுதியது. அங்கே தபாஸ்கோ மாநிலத்தில் அரசே ஆலயங்களை இடித்து, குருக்களைத் திருமணம் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்திய காலம். மிஞ்சியிருக்கும் ஒரே குரு குடிகாரர், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன், எப்போதும் பயத்தில் இருப்பவர். அவரைத் தேடும் போலீஸ் லெப்டினன்ட்டோ ஒழுக்கமானவன், ஏழைக் குழந்தைகளுக்கு நல்ல வாழ்வு வேண்டும் என்று நினைப்பவன்.

உங்களுக்கும் தம்பிக்கும் நடக்கும் வாதம் இந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். அதில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு ஹுவான் என்ற இளம் வேதசாட்சியின் கதையை இரகசியமாகப் படித்துக் காட்டுகிறாள். சிறுவயதிலேயே தாழ்மை, பக்தி, கடைசியில் துப்பாக்கிகளுக்கு முன் கைகளை உயர்த்தி “கிறிஸ்து அரசர் வாழ்க” என்ற முழக்கம். அசல் ‘ஃபாபியோலா’ பாணி. மகன் லூயிஸ் இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை என்கிறான், லெப்டினன்ட்டின் துப்பாக்கியைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறான். குடிகாரக் குருவின் மரணத்தையோ கிரீன் நேராகக் காட்டுவதில்லை. பல் வைத்தியர் டென்ச் போலீஸ் அதிகாரியின் வாயில் வேலை செய்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். கால்கள் துவண்ட சின்ன மனிதர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். முழக்கம் எதுவும் இல்லை. அன்றிரவு தாய் ஹுவானின் கதையை முடிக்கிறாள். இன்று சுடப்பட்டவரும் வேதசாட்சிதானா என்று பையன் கேட்கிறான். அவர் மேல் ஒரு மாதிரி நாற்றம் அடித்ததே என்கிறாள் தங்கை. பிறகு இருட்டில் கதவு தட்டப்படுகிறது, வேறொரு குரு வந்திருக்கிறார். கதவைத் திறந்து அவர் கையை முத்தமிடுவது அதே லூயிஸ்.

தாய் படித்த கதை மட்டும் அவனை அந்தக் கதவுவரை கொண்டுவரவில்லை. அது இல்லாமலிருந்தால் வேதசாட்சி என்ற சொல்லே அவனிடம் இருந்திருக்காது. இந்த இரண்டையும் தம்பியிடம் காட்டுங்கள்.

நடத்தும் முறை: ஐந்து கூட்டங்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. முதல் கூட்டத்துக்கு முதல் பாகம். நிறையப் பேர் புத்தகத்தை விடுவது இங்கேதான். பாத்திரங்கள் மாறி மாறி வருவதும், குருவுக்குப் பெயரே சொல்லப்படாததும் குழப்பும். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவை மட்டும் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் கூட்டத்துக்கு இரண்டாம் பாகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள். இதில் திராட்சை இரசம் வாங்கும் காட்சியைக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். பூசை வைப்பதற்காகக் கள்ளத்தனமாக வாங்கிய புட்டியை ஆளுநரின் உறவினன் ‘நாமும் குடிப்போம்’ என்று குடித்தே காலி செய்கிறான். குரு எதிரே உட்கார்ந்து அழுகிறார். மிச்சம் இருப்பது பிராந்தி. திருப்பலிக்குத் திராட்சைப் பழத்தின் இயற்கையான இரசம் மட்டுமே செல்லும் (சட்டம் 924), பிராந்தியை வைத்துப் பூசை நடத்த முடியாது. இது தெரியாதவருக்கு அவர் ஒரு குடிகாரராக மட்டும் தெரிவார். தெரிந்தவர்கள் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள், அவர்களை விளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் கூட்டம் முழுவதையும் சிறைக் காட்சிக்கு ஒதுக்குங்கள், மூன்றாம் நான்காம் அத்தியாயங்களை அதற்குள் படித்திருக்க வேண்டும். இருட்டறையில் நெருக்கியடித்த கூட்டத்தில், வீட்டில் பக்திப் புத்தகங்கள் வைத்திருந்ததற்காகப் பிடிபட்ட ஓர் அம்மாள் இருக்கிறார். மூலையில் ஒரு ஜோடி கூடுவதைக் கேட்டு அருவருக்கிறார், குரு அவர்களைக் கண்டிக்காததால் அவரையே வெறுக்கிறார். கிரீன் அந்த அம்மாளைக் கேலிப் பொருளாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விடியும்போது யாரும் குருவைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவரை இன்னாரென்று அறியாமலே லெப்டினன்ட் வெளியே விட்டு, கையில் ஐந்து பெசோ கொடுக்கிறான். அது ஒரு பூசைக்கான காணிக்கைத் தொகை. “அந்த அம்மாளின் வீட்டில் இருந்திருக்கக்கூடிய புத்தகங்கள் எவை?” என்று கேளுங்கள். பேச்சு தானாக ‘ஃபாபியோலா’வுக்கு வரும்.

நான்காம் கூட்டத்துக்கு மூன்றாம் பாகம், ஐந்தாவதுக்குக் கடைசிப் பாகம். கடைசிப் பாகம் சின்னது, முந்தையதோடு சேர்த்து அவசரமாக முடித்துவிட வேண்டாம்.

பெற்றோரிடமிருந்தோ பங்குப் பேரவையிலிருந்தோ ஆட்சேபம் வரலாம். பங்குத்தந்தையிடம் முதலிலேயே புத்தகத்தைக் கொடுத்துப் பேசிவிடுங்கள். 1953-ல் ரோமிலேயே இந்த நாவலுக்குக் கண்டனம் எழுந்தது என்பதை மறைக்காதீர்கள். 1965-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் கிரீனைச் சந்தித்தபோது, அவருடைய நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரை எப்போதும் புண்படுத்தும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது முடிந்ததும் ‘ஃபாபியோலா’வை எடுங்கள், தார்சிசியுஸ் பகுதியை மட்டும். இப்போது அதன் அழகும் குறையும் இரண்டுமே அவர்கள் கண்ணில் படும். அதற்கடுத்துத் தமிழில் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). உங்கள் கடற்கரையின் கதை, காகு சாமியார் என்ற குருவானவரும் அதில் இருக்கிறார். அதில் உடலுறவும் வன்முறையும் பச்சையாக வரும். வட்டத்துக்குக் கொண்டுவருமுன் நீங்களும் தம்பியும் முழுதாகப் படித்துவிட்டு, எந்தப் பகுதிகளைக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.