வயிற்றில் வைத்த எலும்பு கெட்டுப்போகுமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. பைக் விபத்தில் மூளை வீங்கியதால் இடப்பக்க மண்டையோட்டை எடுத்து வயிற்றில் வைத்துத் தைத்தார்கள். நாலு மாதமாகிறது, தலை குழிந்துவிட்டது. 'வயிற்று எலும்பு கெட்டிருக்கும், டைட்டானியம் தகடுதான் வழி, சீக்கிரம் முன்பணம் கட்டுங்கள்' என்கிறார் ஒருவர். என்ன செய்வது?

பதில்: அந்த 'ஒருவர்' டாக்டரா, தகடு விற்பவரா என்று எழுதவில்லையே அம்மா! நியூரோ வார்டு வாசலில் இப்படிச் சிலர் நிற்பார்கள். டாக்டர் எழுதித் தராத எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

வீங்கும் மூளைக்கு மண்டைக்குள் இடம் கிடையாது, அது இறங்கி மூச்சை நடத்தும் பகுதியை நசுக்கிவிடும் என்பதால்தான் எலும்பை எடுத்து வழி விடுகிறோம். எடுத்ததை வயிற்றுத் தோலுக்கு அடியில், கொழுப்பில் வைப்பது பழைய முறை, நல்ல முறை. தொட்டால் கொட்டாங்கச்சித் துண்டு போலத் தட்டுப்படும். நாலு மாதத்தில் ஓரம் சற்றுக் கரையலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் மூன்று மாத வாக்கில், வீக்கம் வடிந்ததும் திருப்பி வைப்போம். வருஷக்கணக்கில் விட்டால்தான் சுருங்கும். சீழ் வைத்திருந்தால் தகடோ எலும்பு சிமென்ட்டோ வேண்டிவரும்.

குழிவு என்பது வீக்கம் வடிந்ததன் அடையாளம், பயப்படாதீர்கள். ஆனால் ஒன்று. எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது. தேறி வந்த கை மறுபடி துவள்கிறது. நேற்றுவரை பேசியவர் இன்று தடுமாறுகிறார். இப்படி இருந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள். குழிந்த தோல் மூளையை அழுத்துவதால் வருவது, எலும்பை வைத்தால் பலருக்கும் சரியாகிறது. 'விபத்தில் அடிபட்ட தலைதானே, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பி வைத்த பிறகும் கிருமித் தொற்று, தோலடியில் நீர் கோப்பது, வலிப்பு வரலாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தக் கவுன்டரில் இந்த ஆபரேஷனுக்கும் கேளுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஒப்புதலுக்கு அலைய விடுவார்கள், எனக்கே எரிச்சல் வரும். அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு வயிற்றில் இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தடவி 'இது என்ன கட்டி' என்று ஸ்கேன் எடுக்க அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.