அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். ஐந்து வருஷமாகப் பெங்களூரில் வேலை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பா குடித்தே அதைக் குத்தகைக்கு விட்டார், அப்புறம் விற்றார். ஆறு வருஷத்துக்கு முன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் ஆறு பேர் ஒரே வண்டியில் நந்தி மலைக்குப் போனோம். அதிகாலை நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். மேலே ஒரே பனி, சூரியனைப் பார்க்கவே முடியவில்லை. “எங்க பாலாறு இந்தப் பக்கம்தான் பிறக்குதாம், இங்கயாவது தண்ணி இருக்கானு பாப்போம்” என்று வேலூர்க்காரத் தோழி தேடிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் அடிவாரத்தில் போகநந்தீஸ்வரர் கோயில், குளம், போட்டோ.

சாயங்காலம் பக்கத்தில் இருந்த ஒரு ஒயின் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். முன்பே பணம் கட்டியிருந்தார்கள், எனக்குப் போகும்போதுதான் தெரியும். மேடம், எங்கள் ஊரில் பிராந்திக் கடைக்குப் பெயரே ஒயின்ஷாப்தான். ஒன்பது வயதில் அம்மா என்னை அங்கே அனுப்புவாள், அப்பாவைக் கூப்பிட்டு வர. பொம்பளைப் பிள்ளை என்று உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்று “அப்பா, அப்பா” என்று கத்துவேன். ஒயின் என்றால் எனக்கு அந்தக் கடை வாசல்தான்.

ஆனால் இங்கே தோட்டத்தைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது. எங்கள் ஊர் மாதிரி பந்தலில் ஏற்றாமல், கொடிகளை வேலி போலக் கம்பியில் கட்டியிருந்தார்கள். அறுவடை நேரம். பெரிய எஃகுத் தொட்டிகள் இருந்த கூடத்தில் சாறு புளித்துக்கொண்டிருந்தது. அப்புறம் நீள மேசையில் உட்கார வைத்து ஐந்து விதம் ஊற்றினார்கள், ஒவ்வொன்றும் 30 மில்லி இருக்கும். சுற்றிப் பார், முகர்ந்து பார், வாயில் வைத்துப் பார், வேண்டாம் என்றால் துப்பிவிடு என்று நடுவில் ஒரு வாளி. நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். மூன்றாவது கிளாஸில் என்ன வாசனை வருகிறது என்று ஊற்றிக் கொடுத்த பையன் எல்லாரையும் கேட்டான். நான் யோசிக்காமல், “மழை பெய்த மறுநாள் பந்தலுக்கு அடியில் விழுந்து கிடக்கும் பழம், தேனீ மொய்க்குமே அது” என்றேன். “இத்தனை நாளில் யாரும் இப்படிச் சொன்னதில்லை” என்று அவன் அசந்துவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே உடம்பெல்லாம் சில்லிட்டது. இது அப்பாவின் சட்டை வாசனையும்தானே?

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. வேலூர்க்காரி மூன்று குடித்தாள். அவள் புருஷன் ஐந்து. இன்னொருத்தி இரண்டு, அதில் ஒன்று பாதி. அவளுடைய தம்பி நாலு. வண்டி ஓட்டி வந்தவன் ஐந்தையும் முடித்துவிட்டு, தனியாக ஒரு முழு கிளாஸ் வாங்கினான். சாவியைக் கொடு என்றேன். “இது என்ன சரக்கா, ஜூஸ் மாதிரிதான்” என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். “உங்க அப்பா யாரும் ரோட்டுல விழுந்து கிடந்திருக்க மாட்டாங்க, அதான் சிரிக்கிறீங்க. உங்களுக்கு எல்லாம் இது விளையாட்டு, அசிங்கமா இல்ல?” பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

கடைசியில் ரெண்டு கிளாஸோடு நிறுத்தியிருந்த தோழி, ரொம்ப நேரம் காத்திருந்து, வண்டியை எடுத்தாள். பெங்களூர் வரை யாரும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து அவர்கள் எல்லாம் சேர்ந்து எங்கேயோ போன படத்தை ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன்.

நான் செய்தது தப்பா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்பா மாதிரி ஆகிவிடுவேனா? அம்மாவிடம் இதைச் சொல்லவே முடியாது.

– வாசகி, பெங்களூர்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சாவி விஷயத்தை முடித்துவிடுவோம், அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஐந்து முறை 30 மில்லி என்றாலே சாதாரண ஒரு கிளாஸ் ஒயின். மேலே இன்னொரு முழு கிளாஸ். ஒயினில் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால், பீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. உங்கள் நண்பர் அதைத் தாண்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜூஸ் மாதிரி இனிப்பதால் ஈரலுக்கு அது ஜூஸ் ஆகிவிடாது. ஆறு பேர் உயிரோடு வீடு வந்தார்கள். இதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு நேரம் பொறுத்திருந்து வண்டி எடுத்த தோழிக்கு மட்டும் ஒரு நன்றி பாக்கி.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன். ஆயிரம் வருஷத்துக் கோயிலுக்கும் அதன் குளத்துக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்பது இல்லவே இல்லை. ஆனால் யார் எத்தனை கிளாஸ் குடித்தார் என்பது, அந்தப் பாதிக் கிளாஸ் உட்பட, அப்படியே இருக்கிறது. எழுதும்போது உங்களுக்கே இது தெரிந்திருக்காது.

குடிநோய் உள்ள வீட்டில் வளரும் பிள்ளைகள் சீக்கிரமே காவலுக்கு நிற்கப் பழகிவிடுகிறார்கள். செருப்புச் சத்தத்திலேயே அப்பா இன்று எப்படி வருகிறார் என்று கண்டுபிடிப்பார்கள். கதவு தட்டும் வேகம், பேச்சின் இழுவை, கண், எல்லாமே கணக்குத்தான். அந்தக் கணக்கு சரியாக வந்தால்தான் தம்பியை எழுப்பி அடுத்த வீட்டுக்குப் போகலாமா, தட்டை எடுத்து வைக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். பிழைக்கத் தேவைப்பட்ட திறமை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, நீங்கள் இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறீர்கள். அன்று மாலை அந்த மேசையில் ஐந்து நண்பர்களும் ஒரு காவலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பார்த்தது காலையில் விழுந்து விழுந்து சிரித்த ஒருத்தி, சாயங்காலம் திடீரென்று தங்கள் அப்பாக்களை இழுத்துத் திட்டியதை.

அங்கேதான் நீங்கள் கொஞ்சம் தவறினீர்கள் என்று நினைக்கிறேன். சாவியைப் பற்றிய கோபம் ஒருவன் மேல் போக வேண்டியது, ஐந்து பேர் மேலும் போனது. பாதிக் கிளாஸோடு வைத்தவளுக்கும் அதே திட்டு. யாருடைய அப்பா எங்கே விழுந்து கிடந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆறு பேரை உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள், இரண்டு வீட்டிலாவது கதை இருக்கும். இது என் அனுபவத்தில் சொல்வது. சொல்லாமலே உங்களை அங்கே கூட்டிப்போனது அவர்கள் தப்பு, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பயம். குடிநோய்க்கு ஆளாகும் சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி மரபு வழியாக வருவதாக இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டு, அப்பா குடித்தால் பிள்ளைக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். அதற்கு அர்த்தம் அதுவல்ல. மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால், எவ்வளவு சூழலால் என்பதுதான் அந்தக் கணக்கு. குடிகார அப்பாவின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளி ஆவதில்லை. ஆனாலும் மற்றவர்களைவிட உங்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை, அதை மறைத்து உங்களைத் தேற்ற மாட்டேன். எவ்வளவு குடித்தாலும் ஏறவில்லை என்று பெருமைப்படுகிறவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், உங்களைப் போல பயப்படுகிறவர்களை அல்ல.

குடிக்காமலே இருக்கலாமா என்றால், தாராளமாக. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் காரணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். “எனக்கு வேண்டாம்” என்பதற்கும் “தொட்டால் நான் அப்பா ஆகிவிடுவேன்” என்பதற்கும் நிறைய தூரம்.

அந்த வாளியை முதல் தடவை பார்த்தபோது நானும் முகம் சுளித்தேன், மேசைமேல் போய் இப்படி ஒன்றா என்று. அப்புறம்தான் தெரிந்தது, இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஒரே நாளில் பல பத்து ஒயின்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான். அப்படிப் பார்த்தால் ஒரு சொட்டும் குடிக்காத நீங்கள்தான் அன்றைக்கு ஒழுங்காக ஒயின் பார்த்தவர்.

பிடித்திருந்தது என்கிறீர்களே, என்ன பிடித்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மழை, பந்தல், விழுந்த பழம், தேனீ. அது குடி இல்லை. விற்றுப்போன உங்கள் தோட்டம். அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் குடிக்காத அப்பாவும் இருந்திருப்பார், கவாத்துக் கத்தியோடு, உங்களைத் தோளில் தூக்கிக் கொத்தைத் தொடச் சொன்னவராக. இருந்தாரா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருந்திருந்தால், அவரை நினைத்து அழுவதற்கு நேரம் கிடைக்காமலே போயிருக்கும். குடிகார அப்பா செத்தால் வீட்டில் முதலில் வருவது நிம்மதி, அதன் பின்னாலேயே குற்ற உணர்ச்சி. துக்கம் கடைசியில் வருகிறது, சில சமயம் ஆறு வருஷம் கழித்து, ஒரு கண்ணாடிக் கிளாஸில்.

இதை நேரில் ஒருவரிடம் பேசுவது நல்லது. நீங்கள் இருக்கும் ஊரிலேயே நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே குடிநோய்க்குத் தனிப் பிரிவும் உண்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் என்ற கூட்டங்கள் நடக்கின்றன. அப்பா இறந்துவிட்டாலும் போகலாம்.

அம்மாவிடம் ஒயினைப் பற்றிச் சொல்ல அவசரமில்லை. தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

நண்பர்கள் விஷயத்தில், குழுவில் நீளமாக எதுவும் எழுதிப் போடாதீர்கள். அதை ஐந்து பேர் படித்து ஐந்து விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு நாள் சாயங்காலம் வேலூர்க்காரிக்கு மட்டும் ஃபோன் செய்யுங்கள். ஒன்பது வயதில் ஒரு கடை வாசலில் நின்றதை அவளிடம் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அதே நாலு வரி போதும்.