டாக்டரிடம் கேளுங்கள்: எலும்பைக் குடைந்து என்ன படிப்பு?

கேள்வி: என் மகள் காது, மூக்கு, தொண்டை மேற்படிப்பு படிக்கிறாள். 'டெம்போரல் போன்' (காதைச் சுற்றியுள்ள எலும்பு) பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறாள். பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது தினமும் பக்கத்தில்தானே நிற்கிறாள்? இறந்தவர் எலும்பைக் குடைந்து புதிதாக என்ன கற்கப் போகிறாள்?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: கட்டிவிடுங்கள் அம்மா. பக்கத்தில் நின்றால் திரையில் படம் தெரியும், டிரில்லை எவ்வளவு அழுத்துவது என்பது தெரியாது, அது கைக்குத்தான் வர வேண்டும். வருஷக்கணக்கில் காதில் சீழ் வடிந்தும் எண்ணெய் ஊற்றியே காலம் தள்ளிவிட்டு, கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களை நம் பக்கம் பார்க்கிறோமே (தயவுசெய்து எண்ணெய் ஊற்றாதீர்கள்), அவர்களில் சிலருக்குக் காதின் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்துதான் நோயை எடுக்க முடியும். நாள்பட்ட சீழால் அந்த எலும்பு இறுகி, அடையாளங்கள் மறைந்து கிடக்கும். மேலே மூளையின் உறை, பின்னால் பெரிய ரத்தக்குழாய், உள்ளே முகநரம்பு. நரம்பு அறுந்தால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும், அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது.

நரம்பை நெருங்கும்போது வெட்டும் பர்ரை (டிரில்லின் முனை) எடுத்துவிட்டு வைரத்தூள் பதித்த பர்ரைப் போட்டு, விடாமல் தண்ணீர் விட்டபடி, நரம்பு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தொடாமலே டிரில்லின் சூடு நரம்பைக் கெடுத்துவிடும். எலும்பு மெலிந்தால் சத்தம் மாறும், ரத்தக்குழாய் அருகில் நீலம் தெரியும். இதையெல்லாம் நோயாளியின் காதிலா முதன்முதலாகப் பழகுவது? இன்னொன்று, இந்த ஆபரேஷனில் உயிருள்ளவரிடம் தொடவே கூடாத அரைவட்டக் குழலை (உள்காதில் உடலின் சமநிலைக்கான உறுப்பு) பயிற்சியில் வேண்டுமென்றே திறந்து பார்க்கலாம். எவ்வளவு பக்கத்தில் இருந்தோம் என்று அப்போதுதான் உறைக்கும். ரத்தக்கசிவைச் சமாளிப்பதை மட்டும் இந்த எலும்பில் கற்க முடியாது, அதற்கு ஆபரேஷன் தியேட்டர்தான்.

ஆனால் பணம் கட்டும் முன் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்: ஆளுக்கு ஒரு எலும்பும் மைக்ரோஸ்கோப்பும் தருகிறார்களா, டிரில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும்? பாதி நாள் சொற்பொழிவு என்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

கேள்வி: இதற்கான எலும்புகள் எங்கிருந்து வருகின்றன? நானும் தரலாமா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: உடல் தானம் செய்தவர்களிடமிருந்தும் வருகின்றன, நீங்களும் தரலாம். அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் போய்க் கேளுங்கள், படிவம் தருவார்கள். எழுதிக் கொடுத்ததை வீட்டில் அவசியம் சொல்லி வையுங்கள், கடைசியில் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.